படிகாரம் எவ்வளவு சார் போடணும்?

தண்ணீர் சுத்திகரிப்பு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்? பதில் ஒற்றை நம்பராக வந்துவிட்டால் நிம்மதி. நோட்டில் எழுதிக்கொள்ளலாம், பரீட்சையில் அப்படியே கொட்டலாம், வேலைக்குப் போன இடத்தில் சுவரில் பெயின்டால் எழுதியும் வைக்கலாம். என் கட்சி வேறு. இந்தக் கேள்விக்கு உடனே நம்பரில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். "எந்த ஊர்த் தண்ணீர்? என்றைக்கு எடுத்தது?" என்று திருப்பிக் கேட்கிறவரை நம்புங்கள்.

இதை விளக்க மூங்கில்துறைப்பட்டை விடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டம், தென்பெண்ணை ஆற்றங்கரை, சாத்தனூர் அணைக்குக் கீழே. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் சர்க்கரை ஆலையால்தான் இருக்கும். கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலையின் முதல் யூனிட் இங்கேதான். (இரண்டாவது கச்சிராயபாளையத்தில்.) தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்தவன் ஏன் கரும்புக்குப் போகிறான் என்று கேட்காதீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கரும்பைப் பிழிந்தால் வருகிற சாறு கலங்கலானது. மண், நார், மெழுகு, பசை என்று எல்லாம் கலந்து அழுக்குப் பச்சையாக இருக்கும். அதைத் தெளிய வைக்க வெள்ளைச் சர்க்கரை ஆலைகளில் சுண்ணாம்புப் பாலும் கந்தக டை ஆக்சைடு வாயுவும் சேர்க்கிறார்கள். சூடாக்கி, பெரிய தொட்டியில் நிறுத்தினால் அழுக்கு திரண்டு அடியில் படியும், தெளிந்த சாறு மேலே வழியும். மருந்து போட்டுக் கலக்கி, திரள வைத்து, படிய வைத்து, மேலே எடுப்பது. ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைப்பதும் இதே வேலைதான், சேர்க்கிற சாமான் மட்டும் வேறு.

இப்போது கவனியுங்கள். சாற்றுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்று யாரும் சுவரில் எழுதி வைப்பதில்லை. இன்று வெட்டிய கரும்பின் சாறு ஒரு மாதிரி, வெட்டி நாலு நாள் வண்டியில் காய்ந்த கரும்பின் சாறு வேறு மாதிரி. சுண்ணாம்பு குறைந்தால் சாற்றின் புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையை உடைத்துவிடும். கூடினால் நிறம் கறுத்துவிடும். இரண்டிலும் காசு போகிறது. அதனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு லேபில் ஆள் உட்கார்ந்து பி.எச். பார்க்கிறார், வால்வைத் திருகச் சொல்கிறார். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையிலும் இதே கதைதான். அங்கே மீட்டர் கிடையாது, அடுப்படியில் நிற்பவரின் கண்தான் மீட்டர். சாற்றைப் பார்த்துத்தான் சுண்ணாம்பு விழும்.

ஆலையின் பாய்லருக்குள் போகிற தண்ணீருக்கும் அதே மரியாதை உண்டு. கடினத்தன்மை கொஞ்சம் ஏறினாலும் குழாய்க்குள் உப்புப் படியும், குழாய் வெடிக்கும், ஆலை நிற்கும். ஆக, பாய்லர் குடிக்கிற தண்ணீரைத் தினமும் சோதிக்க ஆள் இருக்கிறார். மனிதன் குடிக்கிற தண்ணீருக்கு?

கிராமத்து ஓவர்ஹெட் டேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிற டேங்க் ஆபரேட்டரின் கையில் ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கும். 1000 லிட்டருக்கு 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 லிட்டர் டேங்க்குக்கு 40 கிராம். பவுடர் புதிதாக இருந்து அதில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வரும். நல்லது. ஆனால் வாய் திறந்த மூட்டை, தகரக் கூரை, நம்ம ஊர் சித்திரை வெயில்... சில வாரங்களில் பவுடரின் வீரியம் இறங்கிவிடும். அது 10 சதவீதத்துக்கு வந்துவிட்டால் அதே 40 கிராமில் கிடைப்பது 0.4 மில்லிகிராம்தான். தண்ணீரில் உள்ள அழுக்கே 0.5 மில்லிகிராம் குளோரினைச் சாப்பிடுகிறது என்றால், கடைசி வீட்டுக் குழாய்க்குப் போய்ச் சேருவது பூஜ்யம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 கேட்பது குறைந்தது 0.2. ஆபரேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார், 40 கிராம் போட்டார். நம்பர் சரி, தண்ணீர் தப்பு.

சரி, படிகாரத்துக்கு வருவோம். (கடையில் கேட்டால் படிகாரம், பிளாண்ட்டில் கேட்டால் ஆலம். கடைப் படிகாரத்தில் பொட்டாசியம் இருக்கும், பிளாண்ட் ஆலம் வெறும் அலுமினியம் சல்பேட். வேலை ஒன்றேதான்.) கலங்கல் தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய களிமண் துகள்கள் எல்லாமே எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் எத்தனை நாள் வைத்தாலும் படியாது. அலுமினியம் அந்த ஏற்றத்தை அடக்குகிறது, கூடவே பஞ்சு போல ஒரு திரளை உண்டாக்கித் துகள்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு கீழே போகிறது. குறைவாகப் போட்டால் திரளாது. அதிகமாகப் போட்டால்? இன்னும் நன்றாகத் தெளியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு எல்லையைத் தாண்டினால் துகள்களின் ஏற்றம் நேர்மின்னாக மாறி மறுபடி ஒன்றை ஒன்று தள்ள ஆரம்பித்துவிடும். தண்ணீர் திரும்பக் கலங்கும், அலுமினியமும் அதில் தங்கிவிடும். இன்னொரு சிக்கல், ஒவ்வொரு மில்லிகிராம் ஆலமும் தண்ணீரின் காரத்தன்மையில் சுமார் அரை மில்லிகிராமைத் தின்னும். மழைவெள்ளத்தில் காரத்தன்மை ஏற்கெனவே குறைவு, கலங்கலோ அதிகம். ஆலத்தை ஏற்ற ஏற்ற பி.எச். சரியும், சரிந்தால் திரள் உருவாகாது. அப்போது தேவை இன்னும் ஆலம் இல்லை, கொஞ்சம் சுண்ணாம்பு. இது தெரியாத இடத்தில் ஆலத்தை மேலும் மேலும் கொட்டுவார்கள்.

நம் பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. பானையின் உள்பக்கம் தேற்றான்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், கலங்கல் அடங்கிவிடும். புதுவெள்ளத் தண்ணீர் என்றால் கூடுதலாகத் தேய்ப்பு. கோடைத் தண்ணீருக்கு லேசாக. டோஸ் என்பது தண்ணீரைப் பார்த்த பிறகு முடிவாகிற விஷயம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடையாது.

இப்போது தென்பெண்ணையைப் பாருங்கள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரத்துக் கழிவுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஓசூரில் கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது வெள்ளை நுரையாகப் பொங்கி நிற்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பிறகு கிருஷ்ணகிரி அணை. பிறகு சாத்தனூர், 119 அடி, 1958-இல் கட்டியது. அணை மூடியிருக்கும்போது கீழே மணலும் அங்கங்கே தேங்கிய தெளிந்த தண்ணீரும்தான். அணை திறந்தால் அதே இடத்தில் செம்மண் நிறத்தில் ஆறு ஓடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூரில் இருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் என்ன பாடுபட்டன என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளுக்கு முன்னால் இந்த ஆற்றுத் தண்ணீருக்குச் சரியாக இருந்த எந்த டோஸும் அன்றைக்குக் குப்பை.

தமிழ்நாட்டில் ஆற்றோரக் குடிநீர்த் திட்டங்கள் பலவும் ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கித்தான் எடுக்கின்றன. மணலே வடிகட்டி, அதனால் குளோரின் மட்டும் போதும் என்று காலம் ஓடிவிட்டது. ஆனால் மணலைத்தான் நாம் லாரி லாரியாக ஏற்றி அனுப்பிவிட்டோமே. வடிகட்டி மெலிய மெலிய, இன்றோ நாளையோ ஆற்றுத் தண்ணீரை நேராக எடுத்துச் சுத்திகரிக்கிற நிலைமை பல ஊர்களுக்கு வரும். அதற்கு முன்னால் மூங்கில்துறைப்பட்டு மாதிரி ஓர் இடத்தில், ஆற்றோரமாக, மணிக்கு 1000 லிட்டர் ஓடுகிற சின்ன பைலட் பிளாண்ட் ஒன்றை ஒரு முழு வருஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன். கோடை, அணை திறப்பு, ஐப்பசி மழை, ஆலை அரைவைக் காலம் எல்லாம் அந்த ஒரு வருஷத்தில் வந்துபோக வேண்டும்.

பைலட் பிளாண்ட் என்றால் பலருக்கு அது பெரிய பிளாண்ட்டின் பொம்மை. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, மூலையில் நிற்பது. அதன் உண்மையான உபயோகம் ஓட்டத் தொடங்குகிற முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எப்படித் தொடங்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரிதான்.

முதலில் மருந்தே இல்லாமல் வெறும் தண்ணீரை ஓட்ட வேண்டும். எங்கே ஒழுகுகிறது, எங்கே காற்று அடைக்கிறது என்று பார்க்க. ஓட்டம் எவ்வளவு என்பதை மீட்டரை நம்பி எழுதாமல், பக்கெட்டும் ஸ்டாப்வாட்சும் வைத்து அளக்க வேண்டும். டோசிங் பம்ப்பும் அப்படியே. டயலில் 50 என்று வைத்தால் 50 வரும் என்பது கம்பெனிக்காரரின் நம்பிக்கை. அளவுக் குடுவையில் இருந்து ஒரு நிமிஷம் உறிஞ்சவிட்டு எத்தனை மில்லி குறைந்தது என்று பார்த்தால்தான் உண்மை.

கணக்கு சுலபம். மணிக்கு 1000 லிட்டர் தண்ணீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் ஆலம் என்றால் மணிக்கு 30 கிராம். லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்து வைத்த கரைசல் என்றால் மணிக்கு 3 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 50 மில்லி. இதுவரை பரீட்சைத்தாள். இனி நம்ம ஊர். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிறது, ஆற்றில் இருந்து இழுக்கிற மோட்டார் திணறி 1000-க்குப் பதில் 700 லிட்டர்தான் தருகிறது. டோசிங் பம்ப் பாட்டுக்கு அதே 50 மில்லியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. டோஸ் யாரும் தொடாமலே 43-க்கு ஏறிவிட்டது! இந்த மாதிரி விஷயத்தை எந்த டிசைன் ரிப்போர்ட்டும் சொல்லித் தராது. ஓட்டினால்தான் தெரியும்.

அடுத்து ஜார் டெஸ்ட். ஆறு பீக்கரில் அன்றைக்கு எடுத்த ஆற்றுத் தண்ணீர் ஒவ்வொரு லிட்டர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு ஆலம். ஒரு நிமிஷம் வேகமாகக் கலக்கி, பதினைந்து இருபது நிமிஷம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நிறுத்தினால் எது தெளிந்தது என்று கண்ணுக்கே தெரியும். மொத்தம் ஒரு மணி நேரம். அதில் வந்த அளவை வைத்துத்தான் டோசிங் பம்ப்பை ஓட்ட வேண்டும். ஓட்டிய பிறகு பொறுமை வேண்டும். படிவுத் தொட்டியில் தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரம் தங்குகிறது. இப்போது மாற்றிய டோஸின் விளைவு வெளியே முழுசாகத் தெரிய அரை நாள் ஆகும். அதற்குள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய் டயலைத் திருகினால் எதனால் என்ன ஆனது என்று பகவானுக்கும் தெரியாது. மணல் வடிகட்டியில் இருந்து முதலில் வருகிற தண்ணீரைச் சாக்கடையில்தான் விட வேண்டும். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் சரி. மணல் 'பழுக்க' நேரம் கேட்கும்.

மிக முக்கியமான ஒன்று. ஆலம் கரைசல் அமிலம். பிளீச்சிங் கரைசலோடு அது ஒரே டிரம்மில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆலம் டிரம்முக்கு ஒரு நிறம், குளோரின் டிரம்முக்கு ஒரு நிறம், இரண்டுக்கும் தனித்தனி வாளி, தனித்தனி கம்பு என்று முதல் நாளே வைத்துவிட வேண்டும். தொட்டி மாறிப் போவது சின்ன விஷயம் இல்லை. 1988 ஜூலை 6 அன்று இங்கிலாந்தில் கேமல்ஃபோர்ட் பகுதிக்குத் தண்ணீர் தரும் பிளாண்ட்டில், வழக்கமான டிரைவருக்குப் பதில் வந்தவர் 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் இறக்கிவிட்டார். அது நேராகக் குடிநீரில் கலந்தது. சுமார் 20,000 பேர் குடிக்கிற தண்ணீர். அவர்களுக்கு ஆரம்பத்தில் சொல்லப்பட்டது "தண்ணீர் பாதுகாப்பானது" என்று.

இவ்வளவும் எழுதுகிற நான் படிக்கிற இடத்திலும் ஒரு பைலட் பிளாண்ட் இருக்கிறது. அதில் ஓடுவது என்ன தெரியுமா? ஏற்கெனவே சுத்திகரித்து வந்த குழாய்த் தண்ணீர்! அதில் வெள்ளைக் களிமண் பொடியைக் கரைத்து 'செயற்கைக் கலங்கல்' செய்து, அதைத் தெளிய வைத்து ரீடிங் எழுதுகிறோம். வருஷா வருஷம் அதே மண், அதே தண்ணீர், அதே விடை. சீனியர் நோட்டைப் பார்த்தே ரிசல்ட் எழுதிவிடலாம் (யார் எழுதினார்கள் என்று கேட்காதீர்கள், வகுப்பில் பாதிப்பேர் இதைப் படிக்கிறார்கள் :-)). நான்கு வருஷம் முடிந்து வெளியே போகிற நமக்கு டோஸ் ஒரு மாறாத நம்பர் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றால், இங்கிருந்துதான்.

"அதெல்லாம் சின்ன ஊர்க் கவலை. பெரிய பிளாண்ட்டில் எல்லாம் ஆட்டோமேட்டிக், சென்சார் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு நண்பன் சொன்னான். அவனுக்காக மில்வாக்கி.

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள பெரிய நகரம். அதன் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களில் தெற்கே இருந்ததில் 1992-இல் ஆலத்தை விட்டுவிட்டு பாலிஅலுமினியம் குளோரைடு என்ற புது மருந்துக்கு மாறினார்கள். 1993 மார்ச்சில் ஏரித் தண்ணீரின் தன்மை மாறியது. புது மருந்தை எவ்வளவு போடுவது என்று ஆபரேட்டர்களுக்குப் பிடிபடவில்லை, அனுபவம் போதவில்லை. டோஸை அமைக்க உதவுகிற கருவி ஒன்று இருந்தது, ஆனால் தப்பாகப் பொருத்தப்பட்டதால் உபயோகத்தில் இல்லை. வடிகட்டிய நீரின் கலங்கலைத் தொடர்ந்து அளக்கிற மீட்டரும் ஓடவில்லை, எட்டு மணிக்கு ஒருமுறை கையால் பார்த்தார்கள். ஏப்ரலில் பழைய ஆலத்துக்கே திரும்பினார்கள். அதற்குள் கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி வடிகட்டியைத் தாண்டிப் போய்விட்டது. அது குளோரினுக்குச் சாகாது. வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 4,03,000 பேர் என்று கணக்கிட்டார்கள். எதிர்ப்புசக்தி குறைந்த நோயாளிகள் பலர் இறந்துபோனார்கள்.

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட நம்பர் அது இல்லை. அந்த நாட்களில் பிளாண்ட்டில் இருந்து வெளியேறிய தண்ணீரின் உச்சபட்சக் கலங்கல் 1.7 என்.டி.யூ. கண்ணாடி டம்ளரில் பிடித்தால் பளிங்கு மாதிரிதான் தெரியும். நம் ஐ.எஸ். 10500 ஏற்பது 1, வேறு வழி இல்லாத இடத்தில் அனுமதிப்பது 5 வரை. அதாவது மில்வாக்கியின் மிக மோசமான தண்ணீர் நம் கணக்கில் 'அனுமதிக்கப்பட்டது'. அங்கே கருவி இருந்தது, பணம் இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள். தண்ணீர் மாறுகிறபோது கூடவே மாறுகிற கைப்பழக்கம் மட்டும் புது மருந்துக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பழக்கத்தைப் பெரிய பிளாண்ட்டில், ஊரே குடித்துக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொள்ள முடியாது. மணிக்கு 1000 லிட்டரில், வெளியே வருவதைச் சாக்கடையில் விட்டுக்கொண்டு கற்றுக்கொள்ளலாம்.

செலவு என்பார்கள். ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மொத்தச் செலவில் இது தூசு. ஆள் இல்லை என்பார்கள். அதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாற்றின் நிறத்தைப் பார்த்துச் சுண்ணாம்பு சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்கள் வீதம் தண்ணீர் சோதனைப் பெட்டி வைத்துப் பார்க்கப் பயிற்சி தரவேண்டும் என்று ஏற்பாடே இருக்கிறது. அவர்களையும், டேங்க் ஆபரேட்டர்களையும், அக்கம்பக்கக் கல்லூரிகளில் குழாய்த் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும் நம்மையும் ஒரே பிளாண்ட்டில் ஷிஃப்ட் போட்டு நிறுத்தினால் போதும். இரவு ஷிஃப்டுக்கும் ஆள் வேண்டும், அணை திறக்கிறவர்கள் விடியும் வரை காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு நோட்டு போட வேண்டும். தேதி, நேரம், சாத்தனூரில் திறந்த அளவு, கலங்கல், பி.எச்., காரத்தன்மை, ஜார் டெஸ்டில் வந்த டோஸ், உண்மையில் ஓட்டிய டோஸ், வெளியே வந்த கலங்கல், எஞ்சிய குளோரின். ஒரு வருஷம் முடிந்ததும் அந்த நோட்டை டெண்டர் ஆவணத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். பிளாண்ட் கட்ட வருகிற கம்பெனி எதுவானாலும், அவர்கள் கொண்டுவருகிற நம்பரை அந்த நோட்டில் டிசம்பர் மாதப் பக்கத்தோடு வைத்துப் பார்க்கட்டும்.